கிராபிக்ஸ் கார்டு வாங்கிய கணக்கு

(2025 ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மாலை நமது சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் இதே இடத்தில் டாக்டர் அம்மா சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார். அதற்கு முந்தின மாதம் மொட்டை மாடித் தோட்டம். இந்த மாதம் கிராபிக்ஸ் கார்டு. செயலாளர் என்னைக் கேட்டபோது, "சார், நான் வெறும் பி.காம். பேங்க்கில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ரிட்டயர் ஆனவன். இதற்குப் போய் என்னைக் கூப்பிடுகிறீர்களே?" என்றேன். "லிஃப்டில் ஏறுகிற எல்லோரிடமும் நீங்கள் இதைத்தானே சார் பேசுகிறீர்கள்?" என்றார். மறுக்க முடியவில்லை.

முன் வரிசையில் பெற்றோர்கள், பின் வரிசையில் பிள்ளைகள். நான் சொல்லப் போவதில் பாதி பின் வரிசைக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் பணம் கொடுப்பது முன் வரிசை. அதனால் அவர்களைப் பார்த்தே பேசுகிறேன்.

முதலில் இது என்ன சாமான் என்பது. எங்கள் பேங்க்கில் கம்ப்யூட்டர் வராத காலத்தில், அரையாண்டு வட்டி போடும் ராத்திரி ஒன்று உண்டு. எல்லா லெட்ஜரையும் மேனேஜர் ஒருவரே போட்டால் ஒரு மாதம் ஆகும். மூளைக்காரர்தான், ஆனால் ஒருவர். முப்பது கிளார்க்குகள் ஆளுக்கு ஒரு லெட்ஜராக எடுத்துக்கொண்டால் விடிவதற்குள் முடிந்துவிடும். அத்தனை பேரும் செய்வது ஒரே கணக்குத்தான். கம்ப்யூட்டரின் பிராசசர் அந்த மேனேஜர். கிராபிக்ஸ் கார்டு எங்கள் கிளார்க் கூட்டம். முப்பது பேருக்குப் பதில் ஆயிரக்கணக்கில். கேம் ஆடும்போது நொடிக்கு அறுபது, நூறு படங்களைக் கணக்குப் போட்டுத் திரையில் வரைவது இந்தக் கூட்டம்தான். இதே கூட்டத்துக்கு வேறு வேலையும் கொடுக்கலாம். அங்கேதான் நான் சறுக்கினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சிப் தயாரிப்பதில் பெரிய போட்டியாளர்கள் இருவர். ஒன்று என்விடியா, 1993-ல் தொடங்கியது. மற்றது ஏஎம்டி; அது 2006-ல் ஏடிஐ என்ற கனடா கம்பெனியை வாங்கி இந்தத் தொழிலுக்குள் வந்தது. மூன்றாவதாக இன்டெல் 2022-ல் மறுபடி இறங்கியிருக்கிறது. என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், ஏஎம்டியின் தலைவர் லிசா சூ, இருவரும் தைவானில் பிறந்தவர்கள். தூரத்து உறவுக்காரர்களும்கூட. ஆக இது ஒரு வகையில் சொந்தத்துக்குள் நடக்கிற சண்டை. இன்னொரு வேடிக்கை, இப்போது கடையில் இருக்கும் இருவரின் புது வரிசைச் சிப்புகளுமே டிஎஸ்எம்சி என்ற தைவான் கம்பெனியில்தான் வார்க்கப்படுகின்றன.

கடையில் பெட்டி மேல் ஆசஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஸோட்டாக், சஃபையர் என்று இருக்கும். இவர்கள் சிப்பை வாங்கி, விசிறி வைத்து, விளக்குப் போட்டு விற்பவர்கள். ஒரே சிப்புக்கு இரண்டு விசிறி வைத்தால் ஒரு விலை, மூன்று விசிறியும் கலர் விளக்கும் வைத்தால் ஐந்தாயிரம் கூட. வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. விளக்கைப் பார்த்துக் கொடுக்கிற பணம் விளக்குக்கான பணம், அவ்வளவுதான்.

இனி விலை. இந்தக் கம்பெனிகள் அமெரிக்காவில் டாலரில் ஒரு விலையை அறிவிக்கும். அதில் வரி சேர்ந்திருக்காது. நான் போடுகிற கணக்கு எளிது. அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கு, பதினெட்டு சதவீத ஜிஎஸ்டியைக் கூட்டு. வருகிற தொகைக்கு மேல் கடைக்காரர் எவ்வளவு சொல்கிறாரோ அது இறக்குமதி செய்தவருக்கும் அவருக்கும். அது ஐந்து, பத்து சதவீதம் என்றால் வாங்கலாம். இருபது என்றால் அடுத்த கடை.

ஆனால் அறிவித்த விலை எப்போதும் கடை விலை ஆகிவிடாது. 2021-ல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 வந்தபோது அறிவித்த விலை 329 டாலர். வெளியில் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. காரணம், எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுகிறவர்கள் கார்டுகளைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையையே மாற்றி, கார்டே வேண்டாம் என்று ஆக்கியது. தோண்டியவர்கள் பழைய கார்டுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்தக் கொட்டலில் வாங்கியவர் நம் ஏ பிளாக்கிலேயே ஒருவர் இருக்கிறார். விசிறி சத்தம் கேட்டு அவர் வீட்டம்மா மிக்ஸி ஓடுகிறது என்று நினைத்தாராம்.

பெயரையும் நம்ப வேண்டாம். 2022-ல் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது, ஒன்று 16 ஜிபி, மற்றது 12 ஜிபி. நினைவகம் மட்டும் குறைவு என்று பார்த்தால், உள்ளே இருந்த சிப்பே வேறு, சிறியது. வாங்குகிறவர்கள் சத்தம் போட்டதும் 899 டாலர் சொல்லியிருந்த 12 ஜிபி கார்டை விலக்கிக்கொண்டது. அடுத்த ஜனவரியில் அதுவே 4070 டிஐ என்று 799 டாலருக்கு வந்தது. சத்தம் போட்டதற்கு நூறு டாலர்!

இப்போது என் கதை.

என் மகளும் மருமகனும் பெங்களூரில். பேரன் 2023-ல் இங்கே இன்ஜினியரிங் சேர்ந்து எங்களோடு வந்து தங்கினான். கம்ப்யூட்டர் வாங்கும் பொறுப்பு என்னுடையது. அந்த மே மாதம் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 299 டாலர் என்று அறிவித்தது. ஒரு வாரத்துக்குள் ஏஎம்டி ஆர்எக்ஸ் 7600-ஐ 269 என்று போட்டது. இதுதான் ஏஎம்டியின் வழக்கம். சந்தையில் பெரும் பங்கு என்விடியாவிடம் இருப்பதால், அவர்கள் விலை சொல்லும் வரை காத்திருந்து ஒரு படி கீழே சொல்வார்கள். இரண்டுமே 8 ஜிபி. அன்றைய 82 ரூபாய் டாலருக்கும் வரிக்கும் கணக்குப் போட்டால் ஒன்று ஏறக்குறைய 28,900, மற்றது 26,000. வித்தியாசம் 2,900 ரூபாய். இணையத்தில் சோதித்தவர்கள் சாதாரண கேம்களில் இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்றார்கள்.

நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, விலை, நினைவகம், வேகம், வாரண்டி எல்லாம் எழுதினேன். பேரன் ஒருநாள், "என்விடியாவா இருந்தா நல்லது தாத்தா" என்றான். "ஏன்?" என்றேன். "எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றான். ஊரெல்லாம் வாங்குகிறார்கள் என்பது ஒரு காரணமா? முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பார்த்தவனிடம் அது எடுபடுமா? ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, 26,500-க்கு ஆர்எக்ஸ் 7600 வாங்கி வந்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மிச்சம் என்று எழுதி அடிக்கோடு போட்டேன், இரண்டு கோடு.

அந்த நோட்டில் நான் போடாத பத்திகள் இரண்டு. ஒன்று சின்னது, கரண்ட். முழு வேகத்தில் 4060 சுமார் 115 வாட் எடுக்கும், 7600 சுமார் 165 வாட். ஐம்பது வாட் வித்தியாசம். தினம் நாலு மணி நேரம் கேம் ஆடினால் (பின் வரிசை சிரிக்க வேண்டாம், நாலு என்பது நான் குறைத்துச் சொன்னது) இரண்டு மாத பில்லில் 12 யூனிட். நம் வீடுகளில் பலர் 500 யூனிட்டைத் தாண்டுகிறவர்கள். தாண்டினால் மேல்படியில்தான் இது விழும். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 576. நாலு வருடத்தில் 2,300. நான் மிச்சம் பிடித்த 2,900-ல் பெரும்பகுதியை மின்வாரியம் கொண்டுபோய்விடும். இப்போது வந்திருக்கும் கார்டுகளில் இந்த நிலைமை மாறியிருக்கிறது, அதனால் இதை ஒரு கம்பெனியின் குணம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு முறையும் வாட் பாருங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது பத்திதான் பெரியது.

முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பையன் ஆடினான், நான் நோட்டைப் பார்த்து மகிழ்ந்தேன். மூன்றாம் வருடத்துக்கு முன்பே, இந்தக் கோடையிலிருந்து, அவன் வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பது, பத்து ஆக ஆரம்பித்தது. கேட்டால், "லேப்ல வேலை தாத்தா" என்பான். என் மனைவிக்குக் கவலை. யாராவது பெண்ணா, இல்லை கூடாத சேர்க்கையா என்று என்னைக் குடைவாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு பால்கனியில் நின்று கேட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் லிஃப்டில் அதே கல்லூரியில் படிக்கிற டி பிளாக் பையன் கேட்டான். "தாத்தா, அவன் வீட்டு கார்டை மாத்தலையா? பாவம், லேப் சிஸ்டம் காலியாகறதுக்கு எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கான்."

ராத்திரி பேரனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அவன் படிப்பது மெஷின் லேர்னிங். அதற்கான கணக்கையும் நம் கிளார்க் கூட்டத்தைக் கொண்டுதான் போடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு வேலை சொல்ல என்விடியா 2007-ல் ஒரு மென்பொருள் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பெயர் கூடா. 'கூடாது' என்பதைப் பாதியில் நிறுத்தியது போல இருக்கிறதா? காரியமும் அப்படித்தான், வேறு கம்பெனி கார்டில் ஓடக்கூடாது. பதினெட்டு வருடமாகக் கல்லூரிகளிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் அதில் எழுதியே பழகிவிட்டார்கள். பாடம், உதாரணம், செய்முறை எல்லாம் அதை நம்பியே இருக்கின்றன. ஏஎம்டியும் ராக்எம் என்று ஒன்று வைத்திருக்கிறது. ஆனால் அது முக்கியமாக லினக்ஸில், தேர்ந்தெடுத்த சில கார்டுகளில் ஓடுவது. இப்போது வேகமாக எட்டிப்பிடித்து வருகிறார்கள் என்று பேரனே சொல்கிறான். ஆனால் அவனுடைய ப்ராஜெக்ட் இந்த வருடம். கூகுள் கொலாப் என்று இலவசமாக இணையத்தில் ஒன்று இருக்கிறது, அதில் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கிறான். இலவசத்துக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, பாதியில் நின்றுவிடும்.

"இதை ஏன்டா என்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"நீங்க அந்த நோட்டுல எவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதி வாங்கினீங்க. எப்படித் தாத்தா சொல்றது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பேங்க்கில் கடன் விண்ணப்பத்தில் தொகைக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கும், கடனின் நோக்கம் என்று. அது காலியாக இருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! என் சொந்த நோட்டில் அந்தக் கட்டத்தைப் போடவே இல்லை. "எல்லாரும் சொல்றாங்க" என்றானே, எல்லாரும் ஏன் சொல்கிறார்கள் என்று இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கார்டின் மேல் ஒரு தப்பும் இல்லை. அது தன் வேலையை இன்று வரை ஒழுங்காகச் செய்கிறது. அவனுடைய வேலை வேறு.

சரி, இன்றைக்கு வாங்கப் போகிறவர்களுக்கு வருகிறேன். கடையில் நீங்கள் அதிகம் கேள்விப்படப் போவது இரண்டு கார்டு. ஏப்ரலில் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஜூனில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. இரண்டிலும் ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரு வகை. 16 ஜிபிக்கு அறிவித்த விலை என்விடியா 429 டாலர், ஏஎம்டி 349. டாலர் 87 ரூபாய் என்றால் வரியோடு ஏறக்குறைய 44,000, 35,800. எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். கேமில் என்விடியா சற்று முன்னே நிற்கும், ஆனால் விலை 23 சதவீதம் கூட; வேகம் அந்த அளவுக்குக் கூட இல்லை. கரண்டிலும் ஏஎம்டி சுமார் 160 வாட், என்விடியா 180. பிள்ளை கேம் மட்டும்தான் ஆடுவான், படிப்பு வேறு என்றால், இந்த எட்டாயிரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

8 ஜிபி வகை இரண்டு கம்பெனியிலும் ஐம்பது டாலர் குறைவு. பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும், "அதே கார்டுதான் சார்" என்பார்கள். புதிய கேம்கள் 8 ஜிபியைத் தாண்ட ஆரம்பித்துவிட்டன. தாண்டினால் படம் திக்கித் திக்கி வரும். இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இந்தப் பேச்சில் நான் கையைப் பிடித்துச் சொல்கிற ஒரே விஷயம் இது.

அதற்காக விலையை ஜிபியால் வகுத்துப் பார்த்தே முடிவு செய்துவிடவும் கூடாது. அப்படி வகுத்தால் இன்டெலின் பி580 முதலிடம் பிடிக்கும், 249 டாலருக்கு 12 ஜிபி. நல்ல கார்டுதான். ஆனால் பழைய பிராசசர் உள்ள கம்ப்யூட்டரில் போட்டால் அதன் முழு வேகம் வராது. புதிதாக எல்லாம் சேர்த்து வாங்குகிறவருக்கு அது சரி. உங்கள் வீட்டு ஏழு வருடப் பெட்டிக்குள் செருகுவதற்கு இல்லை.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்று இரண்டு பெயர் காதில் விழும். முதலாவது என்விடியாவுடையது, இரண்டாவது ஏஎம்டியுடையது. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டி வேகம் கூட்டுகிற வித்தை. பல வருடமாக டிஎல்எஸ்எஸ்தான் தெளிவில் முன்னே. ஏஎம்டியின் நான்காம் பதிப்பு அந்த இடைவெளியை நன்றாகவே குறைத்திருக்கிறது, ஆனால் அதை இந்த வருடம் வந்த 9000 வரிசைக்குக் கொடுத்தார்கள். பழைய 7600-க்கு இல்லை. என்விடியாவும் புது வித்தைகள் சிலவற்றைப் புது வரிசைக்கே வைத்துக்கொள்கிறது. அதனால் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று போன வரிசைக் கார்டைத் தூக்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் உள்ள சீரியல் நம்பரை ஜிஎஸ்டி பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில் இல்லாமல் ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். மூன்று வருட வாரண்டியை ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறீர்கள். வீட்டு எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். கேபினட்டுக்குள் எத்தனை அங்குலம் இடம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துகொண்டும் போங்கள். நான் அளக்காமல் போய் இரண்டாம் முறை ஆட்டோ பிடித்தவன்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஜூலையில் 5060 டிஐ 16 ஜிபி வாங்கினோம், 47,000. பாதி என் மருமகன் கொடுத்தார். பழைய 7600-ஐ 15,000-க்கு விற்றேன். இரண்டு வருடத் தேய்மானம் 11,500 ரூபாய், நோட்டில் எழுதியாயிற்று. வாங்கியது நம் சி பிளாக் பையன், இதோ பின் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கிறான். பத்தாவது படிக்கிறான், கேம் மட்டும்தான். "எப்படிடா இருக்கு?" என்று போன வாரம் கேட்டேன். "செமையா இருக்கு தாத்தா" என்றான். பேரன் இப்போது ஆறரை மணிக்கு வீட்டில். அவன் அறையில் கார்டு ராத்திரி முழுக்க ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. என் மனைவி எழுந்து போய் ஃபேனை நிறுத்தவில்லையா என்று பார்த்துவிட்டு வருகிறாள்.

புது நோட்டு சங்க அலுவலகத்தில் இருக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். முதல் பத்தியில் தலைப்பு மட்டும் எழுதி இடம் விட்டிருக்கிறேன், எதற்காக என்று. அதை உங்கள் பிள்ளையை உட்காரவைத்து அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. வார நாளில் பதினொரு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, பேசி வாங்கலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எனக்குச் செவ்வாய்க்கிழமை சௌகரியம்.